தாத்தா காரில் இந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

கிள்ளானில் இருக்கும் என் மாமாவிடம் 1965ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டில் கார் ஒன்று இருக்கிறது. மலாய் நண்பர்கள் 'குரா-குரா' என்று கூப்பிடும் அந்த ஆமைக் கார்தான். தாத்தா பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த காலத்தில் பழைய காராக வாங்கியது. வீட்டில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஏழு பேர் அதன் முன் வரிசையாக நிற்கிறார்கள். ஏழு பேரும் அதே காரில்தான் பத்துமலைக்குப் போய் வந்தார்களாம். எப்படி உட்கார்ந்தார்கள் என்று இன்றுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை.

மாமாவின் மகளுக்கு இவ்வாண்டு 17 வயது. ஓட்டுநர் தேர்வில் தேறி 'பி' ஒட்டிவிட்டாள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா காரை அவள்தான் ஓட்டப் போகிறாள். அதற்கு முன் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம் என்று காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பிரேக், டயர் எல்லாம் பார்த்து முடித்த போர்மன், கடைசியில் ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார்.

"அண்ணே, தங்கச்சி ஓட்டப் போவுதுன்னா இந்தத் தண்டை மாத்திடுங்க. இது ஒரே கம்பி. முன்னால அடிச்சா நேரா நெஞ்சுக்குத்தான் வரும்."

"அத மாத்துனா ஒரிஜினல் போயிடும்லா தம்பி" என்றார் மாமா.

அன்று தொடங்கிய வாக்குவாதம் எங்கள் வீட்டில் மூன்று வாரம் நடந்தது. நான் போர்மன் பக்கம். ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன், மாணவர்களே. உங்களில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் சக்கரத்தின் பின்னால் உட்காரப் போகிறவர்கள். சிலர் வீட்டில் மோரிஸ் மைனரோ பழைய டட்சனோ போர்வை போர்த்தி நிற்கக்கூடும்.

ஒரு கார் எதிலாவது நேருக்கு நேர் மோதும்போது நடப்பது ஒரு மோதல் அல்ல, இரண்டு. முதலாவது, கார் மோதுகிறது. காரின் மூக்கு நசுங்கி, கார் நிற்கிறது. உள்ளே இருப்பவரோ இன்னும் பழைய வேகத்திலேயே முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். நியூட்டனின் முதல் விதி அவருக்கு விதிவிலக்குத் தருவதில்லை. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அவர் எதிலாவது போய் இடிக்கிறார். அது இரண்டாவது மோதல். ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் முதல் பொருள் ஸ்டியரிங்.

பழைய கார்களில் ஸ்டியரிங் வட்டத்திலிருந்து கீழே ஸ்டியரிங் பெட்டி வரை ஒரே நீளமான இரும்புத் தண்டு போகிறது. பீட்டிலில் அந்தப் பெட்டி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். இந்தக் காருக்கு இன்ஜின் பின்னால். முன்னால் இருப்பவை மேலதிக டயர், பெட்ரோல் டாங்கி, முன் அச்சு. அச்சின் மேல் ஸ்டியரிங் பெட்டி. அதாவது, இடிபடும் இடத்துக்கு மிக அருகில். முதல் மோதலில் அச்சு பின்னோக்கித் தள்ளப்பட்டால் பெட்டியும் தள்ளப்படும், தண்டும் ஓட்டுநரை நோக்கி வரும். அதே கணத்தில் ஓட்டுநர் தண்டை நோக்கிப் போகிறார். ஈட்டியை நட்டுவைத்து அதன் மேல் ஓடுவது போன்ற நிலை. இதில் ஈட்டியும் சேர்ந்து ஓடி வருகிறது.

எல்லாப் பழைய கார்களும் இதில் ஒன்றல்ல. மோரிஸ் மைனரில் ஸ்டியரிங் பற்சட்டம் இன்ஜினுக்குப் பின்னால், ஓட்டுநர் கால் வைக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதனால் தண்டு பின்னோக்கி வரும் அபாயம் அங்கே குறைவு. ஆனாலும் ஓட்டுநரின் மார்பு போய் இடிக்கும் தண்டு அங்கேயும் விட்டுக்கொடுக்காத தண்டுதான். ஈட்டி ஓடி வரவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

அமெரிக்காவில் 1960களில் இதே பிரச்சினைதான் பெரிய சண்டையாக வெடித்தது. ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் 1965இல் கார் நிறுவனங்களைக் கடுமையாகச் சாடி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அதிகம் அடிபட்ட கார் ஷெவர்லே கோர்வேர். அதற்கும் இன்ஜின் பின்னால். அதன் ஸ்டியரிங் பெட்டியும் முன் சக்கரங்களுக்கு முன்னால்தான் இருந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1967ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் சுருங்கும் ஸ்டியரிங் தண்டைப் பொருத்தத் தொடங்கியது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு அது கட்டாய விதியானது.

அந்த விதிகளில் இரண்டு எண்கள் இருக்கின்றன. இரண்டும் நான் மேலே சொன்ன இரண்டு மோதல்களுக்கு உரியவை. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் காரைச் சுவரில் மோதவிட்டால், ஸ்டியரிங் தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னோக்கி வரக்கூடாது. இது முதல் மோதலுக்கு. மனிதனின் மேலுடல் போன்ற சுமார் 35 கிலோ எடையுள்ள ஒரு பொம்மையை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் மேல் எறிந்தால், அதன் மார்பில் விழும் விசை 11,120 நியூட்டனைத் தாண்டக்கூடாது. இது இரண்டாவது மோதலுக்கு.

பேனாவை எடுங்கள். படிவம் 4 இயற்பியல் தெரிந்தால் போதும். மணிக்கு 24 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சுமார் 6.7 மீட்டர். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்குவது. 35இல் பாதி 17.5. 6.7இன் இருமடி ஏறத்தாழ 44.9. பெருக்கினால் சுமார் 785 ஜூல். இந்த ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. ஆகவே 785ஐ 11,120ஆல் வகுத்துப் பாருங்கள். 0.07 மீட்டர் வரும். அதாவது ஏழு சென்டிமீட்டர். அனுமதித்த உச்ச விசையை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக வாங்கினாலும், மார்பு நிற்பதற்கு ஏழு சென்டிமீட்டர் இடம் வேண்டும். உங்கள் உள்ளங்கையின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவு.

விட்டுக்கொடுக்காத தண்டில் அந்த இடம் எங்கிருந்து கிடைக்கும்? ஸ்டியரிங் வட்டம் கொஞ்சம் வளையும். மீதியை விலா எலும்புகள்தான் தர வேண்டும். மொத்தமே இரண்டு சென்டிமீட்டர்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 785ஐ 0.02ஆல் வகுத்தால் 39,000 நியூட்டனுக்கு மேல். நான்கு டன் பாரம் ஒரு கணம் நெஞ்சில் ஏறி இறங்குவதற்குச் சமம். இத்தனைக்கும் மணிக்கு 24 கிலோமீட்டர் என்பது லோரோங் வேகம். சைக்கிளில்கூடப் போகலாம்.

நீங்கள் ஃபிஸிக் பாடத்தில் 'டாயா இம்புல்ஸ்' என்று படிப்பதும் இதே விஷயந்தான். நிற்கும் நேரத்தை நீட்டினால் விசை குறையும். நசுங்கும் மூக்கு, காற்றுப் பை, சீட் பெல்ட் என்று மூன்று உதாரணங்களைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஸ்டியரிங் தண்டை யாரும் எழுதுவதில்லை. கண்ணில் படாத பொருள், அதனால் மறந்துவிடுகிறோம் போலும்.

இந்தத் தண்டு எப்படிச் சுருங்குகிறது? பல வழிகள் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் முதல் வடிவத்தில் வெளிக்குழாயின் ஒரு பகுதி வலைபோல வெட்டப்பட்டிருந்தது. அழுத்தினால் காகிதச் சீன விளக்கு மடங்குவதுபோல அது மடங்கும். பிறகு வந்த வகையில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். நடுவில் எஃகுக் குண்டுகள் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். குழாய் உள்ளே நுழையும்போது குண்டுகள் குழாய்ச் சுவரில் பள்ளம் கீறிக்கொண்டே போகும். அந்தக் கீறல்தான் ஆற்றலை விழுங்குகிறது. இவற்றோடு உள்தண்டும் இரண்டு துண்டாக இருக்கும். பிளாஸ்டிக் முளைகள் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அன்றாடம் திருப்புவதற்கு முளைகளால் தொல்லை இல்லை. நெடுக்குவாட்டில் பலமாக அடி விழுந்தால் முளைகள் அறுந்து ஒரு துண்டு மற்றொன்றுக்குள் நழுவும். திருப்பினால் இரும்பாகவும் இடித்தால் விட்டுக்கொடுப்பதாகவும் ஒரே பொருளைச் செய்தது, என்னைக் கேட்டால், கார் வரலாற்றிலேயே நேர்த்தியான வேலைகளில் ஒன்று.

வெறுமனே சுருங்குவதும் ஆற்றலை விழுங்குவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு நம் ஆட்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1961 முதல் சென்னைக்கு வெளியே இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ஹெரால்ட் கார் தயாரானது. உங்கள் தாத்தா பாட்டி தமிழ்நாட்டுக்குப் போய் வந்திருந்தால் அதில் ஏறியிருக்கக்கூடும். அது 1959இல் பிரிட்டனில் வந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அந்த வடிவமைப்பில் ஸ்டியரிங் தண்டு அப்போதே இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று நழுவும், நடுவில் ஒரு கவ்வி இறுக்கிப் பிடித்திருக்கும். ஓட்டுநரின் உயரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். பலமாக இடித்தால் கவ்வி நழுவித் தண்டு குறுகும். அமெரிக்காவில் அது கட்டாய விதியாவதற்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முன்பே இப்படி யோசித்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எல்லாமே அந்தக் கவ்வியின் இறுக்கத்தில் இருக்கிறது. பட்டறைக்காரர் தேவைக்கு மேல் இறுக்கினால் அது மறுபடி ஒற்றைத் தண்டு. தளர்வாக விட்டால் நழுவும், ஆனால் அதிக ஆற்றலை விழுங்காது. அளவோடு விழுங்குவதற்கென்றே செய்யப்பட்ட தண்டுகள் பிறகுதான் பரவலாக வந்தன.

மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்தவர் பேலா பாரெனி. காரின் மூக்கு நசுங்க வேண்டும், ஆள் இருக்கும் பகுதி நசுங்கக்கூடாது என்ற எண்ணத்துக்குக் காப்புரிமை வாங்கியவரும் அவரே. பாதுகாப்பான ஸ்டியரிங் தண்டுக்கும் அவர் காப்புரிமை பெற்றார். 1967 முதல் மெர்சிடிஸ் கார்கள் எல்லாவற்றிலும் சுருங்கும் தண்டு வந்தது. இதே பாரெனி 1925இல், மாணவராக இருந்தபோது, பின்னால் இன்ஜின் வைத்த ஒரு மக்கள் காரை வரைந்தார். பீட்டிலின் அடிப்படை எண்ணம் அதில் இருந்தது என்று 1950களில் ஜெர்மன் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இதை மாமாவிடம் சொன்னேன். "உங்க காரோட அசல் எண்ணம் யாரோடதோ, அவர்தான் மாமா இந்தத் தண்டுக்கும் காப்புரிமை வாங்கினவர்" என்றேன். கொஞ்சம் அசைந்தார்.

பீட்டிலுக்கே 1968 மாடலில் சுருங்கும் தண்டு வந்துவிட்டது. தொழிற்சாலையே செய்த மாற்றம்! எனவே மாமாவின் 1965 காரில் அதைப் போடுவது அந்நியப் பொருளைத் திணிப்பது ஆகாது. தம்பி சட்டையை அண்ணன் போட்டுக்கொள்வது மாதிரி. கொஞ்சம் தையல் வேலை மட்டும் வேண்டும்.

அந்தத் தையல் வேலையில்தான் முக்கால்வாசி ஆபத்தும் இருக்கிறது. ஆகவே அதை விரிவாகச் சொல்கிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹாஃப்-கட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் பழைய கார்களின் முன்பாதி அங்கே குவிந்து கிடக்கும். அதிலிருந்து ஒரு ஸ்டியரிங் தண்டை உருவி, "இது கொலாப்சிபில்தான் பாஸ்" என்று கொடுப்பார்கள். விலையும் மலிவு. ஆனால் அந்தக் கார் ஏன் அறுபட்டது என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே ஒரு விபத்தில் இடித்துச் சுருங்கிய தண்டு மறுபடி உங்களுக்காகச் சுருங்காது. அது ஒருமுறை மட்டும் வேலை செய்யும் பொருள். தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள நீளத்தோடு அளந்து பார்க்க வேண்டும். குழாயில் புதுக் கீறல் இருக்கிறதா, பிளாஸ்டிக் முளைகள் முழுதாக இருக்கின்றனவா, தண்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வேண்டாம். நான் அந்தக் கடைகளுக்கு எதிரி இல்லை, என் காரின் கண்ணாடி அங்கே வாங்கியதுதான். கண்ணாடி வேறு, இது வேறு.

அடுத்தது, தண்டைக் காரோடு பிடிக்கும் பிராக்கெட். நல்ல தண்டின் மேல் பிராக்கெட்டில் நழுவும் கவ்விகள் இருக்கும். ஓட்டுநர் இடிக்கும்போது பிராக்கெட் அந்தக் கவ்விகளிலிருந்து விடுபட்டு முன்னோக்கி நகரும், அப்போதுதான் தண்டு சுருங்க வழி கிடைக்கும். பழைய காரின் டேஷ்போர்டில் இதற்கான இடம் இருக்காது. சில பட்டறைகளில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஆடாமல் இருக்க வேண்டும் என்று பிராக்கெட்டை டேஷ்போர்டோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடுவார்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும். வாடிக்கையாளர் ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகப் போவார். காசு கொடுத்து வாங்கிய சுருங்கும் தண்டு அந்தக் கணமே பழைய ஈட்டியாகிவிடுகிறது. அட்டைப் பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி, நகர இடம் இல்லாத தண்டு சுருங்காது. இதைப் பள்ளி மாணவன்கூடக் கேட்டு உறுதிசெய்யலாம்: "அங்கிள், இடிச்சா இது எந்தப் பக்கம் நகரும்? காட்டுங்க." பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

தண்டின் மேலேயே வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். நீளம் பற்றவில்லை என்று இரண்டு தண்டுகளை ஒட்டவைப்பார்கள். வெல்டிங்கின் சூடு பக்கத்து எஃகின் தன்மையை மாற்றிவிடும். பல மாதங்கள் இடமும் வலமும் முறுக்கிய பிறகு, ஒருநாள் வளைவில் அந்த இடம் விரிசல் விடலாம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் வட்டம் கையோடு சும்மா சுழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விபத்தில் உதவும் என்று போட்ட பொருளே விபத்தை உண்டாக்கிவிடும். சரியாகச் செய்ய ஆள் கிடைக்காவிட்டால் பழைய தண்டையே விட்டுவிடுவது மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இந்த இடத்தில் மட்டும் மாமா கட்சி.

கீழே யுனிவர்சல் ஜாயிண்ட்டுகள் போடுவது நல்ல பழக்கம். தண்டு நேர்கோட்டில் போகாமல் ஒரு முழங்கை போல மடங்கிப் போகும். முன்னாலிருந்து அடி வந்தால் அந்த முழங்கை மடங்கும், நேராக நெஞ்சுக்கு வராது. போர்ஷே 911 காரில் 1960களிலேயே இப்படித்தான். ஆனால் கோணம் 30 பாகையை நெருங்கும்போதே கவனம் வேண்டும். இரண்டு ஜாயிண்ட்டுகள் இருந்தால் அவற்றின் கவைகள் ஒன்றுக்கொன்று ஒத்த நிலையில் இருக்க வேண்டும். மாறி நின்றால், நீங்கள் ஒரே சீராகத் திருப்பினாலும் சக்கரம் விட்டுவிட்டுத் திரும்பும். ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் சுழற்சியை ஏன் சீராகக் கடத்துவதில்லை, இரண்டாவது அதை எப்படிச் சரிசெய்கிறது என்பது வடிவியலில் அழகான கணக்கு. விருப்பமுள்ளவர்கள் இரண்டு ஈர்க்குச்சியும் கொஞ்சம் களிமண்ணும் வைத்தே செய்து பார்க்கலாம்.

சட்டமும் இருக்கிறது. ஸ்டியரிங் என்பது ஒட்டுப்படம் ஒட்டுவது போன்ற விஷயம் அல்ல. வேலையைத் தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவிடம், அதாவது ஜேபிஜேயிடம், எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். பரிசோதனை தேவை என்று சொன்னால் காரைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முடித்த பிறகு கேட்போம் என்பது நம்மவர்களின் கெட்ட பழக்கம்.

மாமாவின் வாதங்களுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான ஓட்டுறோம், அதுவும் மெதுவா" என்பது முதல் வாதம். நாம் மெதுவாகப் போகலாம். எதிரே வருபவரும் அப்படியா? பீட்டிலின் எடை ஏறத்தாழ 800 கிலோ. எதிரே 1,600 கிலோ எஸ்யூவி ஒன்று வருகிறது, இருவருமே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று வைத்து உந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மோதிய பிறகு இரண்டும் சேர்ந்து எஸ்யூவி போன திசையில் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எஸ்யூவியின் வேகம் 50லிருந்து 17க்குக் குறைகிறது, மாற்றம் 33. பீட்டிலின் வேகம் ஒரு திசையில் 50லிருந்து எதிர்த் திசையில் 17க்குப் போகிறது, மாற்றம் 67. இரண்டு மடங்கு! 1965இல் கிள்ளான் சாலையில் எதிரே வந்தவை மோரிஸ் மைனர்களும் ஆஸ்டின்களும். கார் மாறவில்லை, சாலையில் அதைச் சுற்றியிருப்பவை மாறிவிட்டன.

"மதிப்பு குறையும்" என்பது இரண்டாவது வாதம். இது உண்மைதான். பழைய கார்க் கண்காட்சிகளில் ஒவ்வொரு திருகாணியும் அசலா என்று பார்க்கிறார்கள். அதற்கு என் பதில், பழைய தண்டைத் தூக்கி எறிய வேண்டாம். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எந்தக் காரின் தண்டு என்று எழுதி வையுங்கள். காரின் உடம்பில் வெட்டாமல், துளை போடாமல், நாளை திரும்ப மாட்டக்கூடிய விதத்தில் புதிய பிராக்கெட்டைச் செய்யச் சொல்லுங்கள். கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாற்காலித் துணியின் நிறம் தவறு என்றால் மதிப்பெண்ணைக் குறையுங்கள், உயிர்காக்கும் மாற்றத்துக்குக் குறைக்காதீர்கள்.

"இவ்ளோ வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பது மூன்றாவது. இதற்கு நான் பதில் சொல்லவில்லை. மாமா மகளே சொல்லிவிட்டாள்: "அப்பா, ஆயிருந்தா கார் இப்ப இங்க நிக்குமா?"

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சுருங்கும் தண்டு மந்திரக்கோல் அல்ல. அமெரிக்க அரசு 1981இல் வெளியிட்ட ஆய்வின்படி, நேருக்கு நேர் மோதும் விபத்துகளில் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பை இந்தத் தண்டுகள் சுமார் 12 விழுக்காடு குறைத்தன. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 1960 முதல் 2002 வரை அந்நாட்டில் மட்டும் 53,000 பேர் இதனால் பிழைத்தார்கள் என்பது அதே அரசின் பிந்தைய கணக்கு. சீட் பெல்ட்டோ காரின் முன் இருக்கையில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பைச் சுமார் 45 விழுக்காடு குறைக்கிறது. ஆகவே வரிசை தெளிவு. பழைய காரில் முதலில் போட வேண்டியது மூன்று இடத்தில் பிடிக்கும் சீட் பெல்ட், அதுவும் வலுவான இடத்தில் பிடித்தது. நம் நாட்டில் முன் இருக்கைக்கு அது 1979 ஏப்ரலில்தான் கட்டாயமானது, அதனால் அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் பெல்ட் இல்லை, அல்லது இடுப்பு வார் மட்டும் இருக்கும். பிறகு பிரேக், டயர். அதற்கும் பிறகுதான் தண்டு.

பெல்ட் போட்டால் தண்டு எதற்கு என்று கேட்பீர்கள். பெல்ட் கொஞ்சம் நீளும், உடம்பு கொஞ்சம் முன்னே போகும். பழைய சிறிய கார்களில் ஸ்டியரிங் நெஞ்சுக்கு மிக அருகில். தண்டே பின்னோக்கி வரும் காரில் பெல்ட் மட்டும் என்ன செய்யும்? இரண்டும் வேண்டும்.

காற்றுப் பை உள்ள ஸ்டியரிங் வட்டத்தை ஹாஃப்-கட்டிலிருந்து எடுத்து மாட்டலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் பை எப்போது வெடிக்க வேண்டும் என்று சொல்லும் உணரியும் கணினியும் பழைய காரில் இல்லை. வெடிக்கவே வெடிக்காமல் இருக்கலாம், வேண்டாத நேரத்தில் வெடிக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது வாரம் மாமா இறங்கி வந்தார். முதலில் பெல்ட், பிறகு தண்டு என்று முடிவானது. பெல்ட் போட்டாயிற்று. போர்மன் 1968க்குப் பிந்தைய பீட்டில் தண்டு ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார். நீளத்தை நாங்கள் மூன்று பேர் மூன்று முறை அளந்தோம், சரியாக இருக்கிறது. பிராக்கெட் எப்படி நழுவும் என்று அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்தத் தாளையும் சேர்த்து வைத்து ஜேபிஜேக்கு இந்த வாரம்தான் கடிதம் அனுப்பினோம். பதில் வரும்வரை ஆமைக் கார் பட்டறையிலேயே நிற்கிறது. மாமா மகள் அதுவரை என் மைவியை ஓட்டுகிறாள். ஆட்டோ காரில் கிளட்ச் இல்லை, போரடிக்கிறது என்பது அவள் புகார்.